பனமலைச் சுவரில் ஒரு பார்வதி

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர் காலக் கோட்டைகள் என்று யுனெஸ்கோ சேர்த்துக்கொண்ட 12 கோட்டைகளில் 11 மகாராட்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து இது ஒன்றுதான். இந்தப் பெருமை செஞ்சிக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்துக் கட்டிய துணிச்சலுக்கு முன்னால் நின்றால் யாருக்கும் வாய் அடைத்துப் போகும். நாயக்கர் கட்டினார்கள், பீஜப்பூர் சுல்தான் பிடித்தார், 1677-ல் சிவாஜி வந்தார், 1698-ல் முகலாயர் கையில் போனது, 1714-ல் தேசிங்கு ராஜா இங்கேதான் களத்தில் விழுந்தார், பிறகு பிரெஞ்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர். கோட்டைக்கு வருகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்கிறார்கள், கல்யாண மகாலின் அடுக்குகளைப் பார்க்கிறார்கள், தானியக் களஞ்சியத்துக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்கிறார்கள், வெயில் ஏறியதும் திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள்.

நான் சொல்ல வருவது அந்த வண்டி ஏறுவதற்கு முன் இன்னும் அரை நாள் செலவிடுங்கள் என்பதைத்தான். கோட்டைக்கு வயது ஐந்நூறு, அறுநூறு என்றால், அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் அதைப்போல இரண்டு மடங்கு வயதுள்ளவை இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஓர் ஓவியம். ஏரிக்கரையோரக் குன்றின்மேல், ஒரு கிராமத்துச் சிவன் கோயிலின் சின்ன அறைக்குள், சுண்ணாம்புச் சுவரில் ஒரு பார்வதி நிற்கிறாள். ஏறக்குறைய 1300 ஆண்டுகளாக நிற்கிறாள்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் தெற்கே இறங்கினால் இருபுறமும் பாறைக் குன்றுகள். கையால் அடுக்கி வைத்ததுபோல் உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று. நடுவில் நெல், கரும்பு, மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை. மல்லாட்டை பிடுங்கும் பருவத்தில் போனால் சாலையோரமே களமாகிவிடும். இந்தப் பாறைகள்தான் இந்த வட்டாரத்தின் வரலாற்றை எழுதியவை. பாறையைக் கண்டவர்கள் எல்லாம் இங்கே ஏதாவது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தில் பாறையைக் குடைந்து பள்ளிகொண்ட ரங்கநாதரை வைத்தார்கள். அதன் அருகே திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களை ஒரே பாறை முகத்தில் இரண்டு வரிசையாகச் செதுக்கினார்கள். அந்தக் குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. தமிழ் எழுத்தின் வளர்ச்சியைப் படிக்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சில வரிகளைத் தொட்டுத்தான் போக வேண்டும். சமணம் இங்கே பழங்கதை இல்லை. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது. சுற்றுவட்டார ஊர்களில் நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் இன்றும் பயிர் செய்கின்றன.

விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு வரும். இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெரும்பாறையைக் குடைந்து பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்லிலேயே எழுதிவைத்தான். வாயிலின் இரு ஓரத்திலும் தடியூன்றிய காவலர்கள் கம்பீரமாக நிற்கிறார்கள். உள்ளே மூன்று அறைகள், மூன்றும் வெறுமை. அந்த அறைகளின் பின்சுவரில் தெய்வ உருவம் சுதையாகவோ வண்ணமாகவோ இருந்திருக்கும் என்பது பல்லவர் குடைவரைகளை விரிவாக ஆராய்ந்த கே. ஆர். சீனிவாசன் போன்றோரின் கருத்து. அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சுவர் வேறு மாதிரித் தெரிகிறது. கல் நின்றது, வண்ணம் போனது. மகேந்திரனுக்குச் சித்திரகாரப்புலி என்று ஒரு பட்டம் உண்டு. மாமண்டூர்க் கல்வெட்டு அவனை ஓவிய நூலோடும் சேர்த்துப் பேசுகிறது. ஓவியர்களில் புலி என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசனின் காலத்து ஓவியம் இந்த வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றுகூட நிற்கவில்லை. அருகிலுள்ள தளவானூரில் அவன் குடைந்த சத்ருமல்லேசுவரமும் அப்படித்தான். சிற்பம் அழகு, சுவர் வெறும் சுவர்.

கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்களுக்கு ஆயனரை மறக்க முடியாது. அஜந்தா வண்ணங்கள் ஏன் அழியவில்லை என்ற ரகசியத்துக்காக ஏங்கும் சிற்பி அவர். கதைதான் என்றாலும், பல்லவ நாட்டின் உண்மையான துயரம் அதில் இருக்கிறது. பல்லவர் தீட்டியதில் நூற்றில் ஒரு பங்காவது நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். அந்த ஒரு பங்கில் ஒரு துண்டு பனமலையில் இருக்கிறது.

பனமலைக்குப் போக மண்டகப்பட்டுப் பக்கத்திலிருந்து மேற்கே கிராமச் சாலைகளில் திரும்ப வேண்டும். தூரத்திலேயே ஏரி தெரியும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் குன்றின் நிழல் தண்ணீரில் விழுந்திருக்கும். குன்று பெரியதல்ல, படிகள் உண்டு, சிறு பிள்ளைகள் ஓடி ஏறிவிடுவார்கள். “மேல கதவு பூட்டியிருக்கும்ங்க, சாவி வச்சிருக்கிறவரைக் கேட்டுட்டு ஏறுங்க” என்று டீக்கடையில் சொல்வார்கள். அதைக் கேட்டு நடப்பது நல்லது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் இது. ஆனால் இது காட்சிப்பொருளாகிவிட்ட கோயில் இல்லை. விளக்கு எரிகிறது, பூசை நடக்கிறது, ஊரார் பிரதோசத்துக்கு ஏறுகிறார்கள்.

கட்டியவன் இரண்டாம் நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்று பெயர் பெற்றவன். வாதாபியை வென்ற மாமல்லனின் கொள்ளுப்பேரன். எட்டாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதி அவன் காலம். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் எடுத்தவை. 720-ல் அவன் சீனத்துக்குத் தூது அனுப்பியதைச் சீன ஆவணங்கள் குறிக்கின்றன. அத்தனை பெரிய அரசன், தலைநகரிலிருந்து இவ்வளவு தள்ளி, ஓர் ஏரிக்கரைக் குன்றின்மேல் ஏன் இப்படி ஒரு கோயிலை எடுத்தான் என்று கேட்கத் தோன்றும். இது ஏதோ சிற்றரசன் பேருக்குக் கட்டிய கோயில் அல்ல என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனைப் புகழும் வடமொழிச் சுலோகம் ஒன்று பனமலையிலும் அப்படியே வெட்டப்பட்டிருக்கிறது. அதைப் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் 1890-ல் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஸ் வெளியிட்டார். தலைநகரத்துக் கோயிலுக்குச் செய்த அதே மரியாதை கிராமத்துக்கும்.

தாளகிரீசுவரர் என்பது இறைவன் பெயர். விமானத்தைச் சுற்றி வந்து பாருங்கள். மைய அறையோடு ஒட்டியபடி பக்கங்களில் சிறு அறைகள் துருத்திக்கொண்டிருக்கும். காஞ்சியில் இதே ஏற்பாட்டை அவன் இன்னும் பெரிதாகச் செய்தான். மூலைகளில் எழும்பி நிற்கும் சிங்கங்கள் ராஜசிம்மனின் கையெழுத்து மாதிரி. அவற்றைப் பார்த்தாலே யார் கட்டியது என்று சொல்லிவிடலாம். கருவறையில் பட்டை தீட்டிய லிங்கம், பின்சுவரில் உமையும் கந்தனும் உடனிருக்கும் சோமாஸ்கந்தர். காஞ்சியின் மணற்கல் காலத்தில் உதிர்ந்து, பிற்காலத்தார் சுதை பூசிச் சிற்பங்களின் முகமே மாறிப்போனது. பனமலையில் கடினமான பாறைக்கல். அதனால் கட்டடத்தின் உடம்பு உறுதியாக நிற்கிறது. பாதுகாப்பில்லாமல் போனது அதன்மேல் பூசிய தோல்.

அந்தத் தோல் முழுக்க வண்ணமாக இருந்திருக்கும் என்பதை இன்று கற்பனை செய்வது கடினம். பழைய கோயில் என்றால் நமக்குக் கருங்கல்லின் சாம்பல் நிறம்தான் நினைவுக்கு வருகிறது. கட்டியவர்கள் கண்ட கோயில் அதுவல்ல. கல்லின்மேல் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் மெழுகியதுபோல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதன்மேல் காவியும் மஞ்சளும் பச்சையும் கறுப்பும். காஞ்சி கைலாசநாதரின் திருச்சுற்றுச் சிற்றறைகளிலும் சோமாஸ்கந்தரின் கோடுகள் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வடக்குப் பக்கச் சிற்றறையில்தான் நம் பார்வதி. வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கைப்பேசி விளக்கைப் போடாதீர்கள். மெல்ல ஒரு கிரீடம் தெரியும், பிறகு அதன்மேல் விரிந்த குடை, பிறகு சற்றே சாய்ந்த முகம். உடம்பு நேராக நிற்கவில்லை. ஒரு காலில் எடை தாங்கி, மறு காலை மடக்கிப் பாதத்தைப் பின்னால் ஊன்றியிருக்கிறாள். நம் வீட்டுத் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு தெருவில் நடப்பதைப் பார்க்கும் பெண் நிற்பது அப்படித்தான். அரசிக்குரிய அணிகள், அரசிக்குரிய குடை, ஆனால் நிலை மட்டும் அத்தனை இயல்பு. அந்த இயல்பைத் தீட்டத் துணிந்தவனைத்தான் நான் பெரிய கலைஞன் என்பேன்.

அவள் பார்ப்பது சிவனின் ஆட்டத்தை. அவளுக்கு அருகே, பல கரங்கள் விரித்து, நெற்றி அளவுக்குக் காலை உயர்த்தி ஆடும் சிவன் இருந்தார். லலாட திலகம் என்று ஆடல் நூல்கள் சொல்லும் கோலம் அது. இன்று சிவனில் மிச்சம் சில கோடுகளும் நிறத் திட்டுகளும்தான். ஆடியவர் ஏறக்குறைய மறைந்துவிட்டார், பார்த்துக்கொண்டிருந்தவள் நிற்கிறாள். ஆனாலும் அந்த ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்பதை அவள் முகத்திலிருந்து படிக்க முடிகிறது. கண்ணில் வியப்பும் இருக்கிறது, தன்னவர் ஆடுகிறார் என்ற நிறைவும் இருக்கிறது. பல்லவச் சிற்பத்தில் எத்தனையோ உமையைப் பார்த்திருக்கிறோம். கல்லில் இந்த முகம் வரவில்லை. கோட்டின் வேலை இது. காவி நிறத்தில் புருவத்திலிருந்து மூக்குக்கு இறங்கும் கோடும், தோளிலிருந்து இடைக்கு வளையும் கோடும் தயங்கியதாகவோ திருத்தியதாகவோ தெரியவில்லை.  நன்கு பழகிய கை.

பெயர் தெரியாத அந்த ஓவியரைப் பற்றி நாம் பேசவே தொடங்கவில்லை. சங்கப் பாடல்களைப் பாடியவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறோம்; கல்வெட்டில் நிலம் கொடுத்தவன் பெயர், ஆடு கொடுத்தவன் பெயர் எல்லாம் இருக்கிறது; இந்தப் பார்வதியைத் தீட்டியவன் பெயர் மட்டும் இல்லை.

பனமலை ஓவியத்தை வெளியுலகம் அறியச் செய்தவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய். சித்தன்னவாசல் ஓவியத்தைப் பற்றி 1920-ல் எழுதியவரும் அவர்தான். காஞ்சி கைலாசநாதரில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-ல் கண்டவரும் அவர்தான். அதே 1931-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். தமிழகத்தின் பழைய ஓவியம் என்று இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கண்ணில் பட்டதுதான். பிறகு கலை வரலாற்றாளர் சி. சிவராமமூர்த்தி போன்றோர் பனமலைப் பார்வதியைப் பற்றி எழுதி, அஜந்தாவுக்கும் தஞ்சைக்கும் நடுவில் அறுந்து கிடந்த இழையை முடிந்தார்கள். சித்தன்னவாசல், பனமலை, காஞ்சி, வாணியம்பாடிப் பக்கத்து ஆர்மாமலை, தஞ்சை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், இந்த ஒற்றைப் பெண்ணுருவம் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது என்பது புரியும். ராஜசிம்மன் காலத்து மனித முகம் வண்ணத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

சுவரோவியம் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எப்படிக் காப்பாற்றுவது என்பது தெரியும். முதல் எதிரி தண்ணீர். விமானத்தின் மேலே கல் இடுக்குகளில் சுண்ணாம்புக் காரை பெயர்ந்துவிட்டால் மழை உள்ளே இறங்கும். இறங்கும் நீர் கல்லிலும் காரையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரின் முகத்துக்கு வரும். நீர் காய்ந்ததும் உப்பு படிகமாகும். படிகம் வண்ணத்தைப் பின்னாலிருந்து தள்ளும். ஒரு நாள் சின்னச் செதில் ஒன்று தரையில் விழும். இரண்டாவது எதிரி வௌவால்; எச்சத்தில் அமிலம். மூன்றாவது நம் பக்தி. கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆண்டுக்கணக்கில் படிந்தால் எந்த நிறமும் கறுப்புதான். நான்காவது திருப்பணி. குடமுழுக்குக்கு முன் “சுத்தமா இருக்கட்டும்” என்று அடித்த ஒரு கை வெள்ளையில் தமிழ்நாட்டில் எத்தனை ஓவியம் போனது என்பதற்குக் கணக்கே இல்லை. பிறகு மணலைப் பீய்ச்சிச் சுவரைத் தேய்க்கும் எந்திரம் வந்தது; அது கல்வெட்டையும் சேர்த்துத் தின்றது. கடைசியாக, தன் பெயரையும் காதலி பெயரையும் ஆணியால் கீறுகிறவர்கள். இவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் அடங்குவதில்லை.

ஓவியத்தின் ஆயுள் கூரையில்தான் தீர்மானமாகிறது என்பதைச் சைப்ரஸ் தீவின் மலைக்கிராமத்தார் நன்றாக உணர்ந்திருந்தார்கள். துரூடோஸ் மலைப்பகுதியில் சின்னச் சின்ன ஊர்களில், பண்ணை வீடு மாதிரித் தோற்றமளிக்கும் இடைக்காலத் தேவாலயங்கள் இருக்கின்றன. உள்ளே போனால் சுவர் முழுக்க பைசாந்தியக் காலத்து ஓவியம். பனியும் மழையும் சுவரைத் தொடாதபடி, பழைய கட்டடத்தின்மேல் சரிவான மரக்கூரை போட்டு ஓடு வேய்ந்தார்கள். அந்தக் கூரைதான் ஓவியத்தைக் காத்தது. 1985-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. இன்று அந்தப் பட்டியலில் 10 தேவாலயங்கள். இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தத்தின்போது ஓவியங்களை வெறுத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்தச் சுண்ணாம்பே போர்வையாகி, பின்னால் வந்தவர்கள் பொறுமையாக உரித்தபோது ஓவியம் கிடைத்தது. காஞ்சியிலும் தஞ்சையிலும் நமக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். மேலே ஒரு பூச்சு இருந்தால் அதன் அடியில் ஏதாவது இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் எந்தப் பழைய கோயிலிலும் கரண்டி வைக்க வேண்டும்.

துரூடோஸின் பத்துத் தேவாலயங்களும் கிராமத்துக் கோயில்களே. எந்தப் பேரரசின் தலைநகரிலும் இல்லை. அவற்றைச் சேர்த்து ஒரே வழித்தடமாகக் காட்டியதால் உலகம் அந்த ஊர்களுக்குப் போகிறது. செஞ்சியைச் சுற்றி நமக்கு அதற்கான எல்லாம் இருக்கிறது: சிங்கவரம், திருநாதர் குன்று, மேல்சித்தாமூர், மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை. சமணம், வைணவம், சைவம் மூன்றும். குடைவரை, கற்றளி, ஓவியம் மூன்றும். கோட்டை நுழைவாயிலில் இந்த ஊர்களைக் காட்டும் நல்ல தமிழ் வரைபடம் ஒன்று இருந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

பனமலையில் மலையைவிட்டு இறங்கும் முன், சரிவில் ஒரு சிறு குடைவில் சிங்கத்தோடு நிற்கும் துர்க்கையையும் பார்த்துவிடுங்கள். பலர் தவறவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஏரி, வயல், தூரத்துக் குன்றுகள் எல்லாம் விரிந்து கிடக்கும். இந்தக் கோயிலுக்கு இந்த இடத்தைத் தேர்ந்தவனின் கண்ணைப் பாராட்டத் தோன்றும்.

தொல்லியல் துறையிடம் மூன்று கேட்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் விமானத்தின் மேற்பகுதியில் காரை இடுக்குகளைச் சோதித்து அடைக்க வேண்டும். ஓவியத்தை இன்றைய நிலையில் மிகத் துல்லியமாகப் படமெடுத்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு, எங்கே செதில் விழுந்தது என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். சென்னையிலோ டெல்லியிலோ அலமாரியில் வைத்துப் பூட்டினால் ஊருக்குப் பயனில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் அந்தப் பார்வதியின் பெரிய படம் ஒன்று மாட்டினால், நாளைக்கு ஆணி எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிற பையன் ஒருவனாவது குறைவான்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். காலையில் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். சாவி வைத்திருப்பவரை மரியாதையாகக் கேட்டு அழைத்துப் போங்கள். உள்ளே மின்னல் விளக்கு வேண்டாம், கற்பூரம் வேண்டாம், விரல் நுனியால்கூடச் சுவரைத் தொட வேண்டாம். குழந்தைகளை அவசியம் கூட்டிப் போங்கள். குடையை, கிரீடத்தை, மடக்கிய காலை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கோட்டையை அடுத்த தலைமுறையும் பார்க்கும், அது பாறை. பனமலை ஓவியத்தை நீங்கள் இந்த ஆண்டே போய்ப் பார்த்துவிடுங்கள்.